மூன்றாம் மாடி, வியாழன், ஐந்து மணி

மூன்றாம் மாடி வென்லா வெறும் சாக்ஸோடு படியிறங்கி வந்தாள் என்றால் விஷயம் சாதாரணமானது இல்லை. நவம்பர் மாதம், ஊர்ப்பட்ட சேறெல்லாம் படிக்கட்டில் கிடக்கிறது. கையில் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வந்தாள். மூடினால் உள்ளே இருப்பது வெளியே குதித்துவிடும் என்று பயந்தவள் போல.

நான் டார்மோவின் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேவு பார்க்கிறேன் என்று கட்டிடத்தில் சிலர் சொல்வார்கள். காற்று வாங்குகிறேன் என்பது என் கட்சி. மைனஸ் நான்கு டிகிரியில் காற்று வாங்குவதற்கு ஔலு நகரத்தில் தடை ஒன்றும் இல்லையே.

டார்மோ என் முதலாளி. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன். தீயில் கருகிப்போனதாக எழுதிக்கொடுத்த படகு மாமனாரின் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதே அவன் வேலை. இப்போது எங்கள் கட்டிடத்தின் கீழே, முன்பு ஷூ ரிப்பேர் கடையாக இருந்த அறையில், தனியாகத் துப்பறிகிறான். தோல் வாசனை இன்னும் போகவில்லை. நான் ஸேயா. முப்பது வருடம் பஸ் கம்பெனியில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களுக்கான கவுண்டரில் இருந்தவள். ஒற்றைக் கையுறையைக் காட்டினால் அந்த வீட்டில் யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை என்று சொல்லிவிடுவேன். டார்மோ அதை நம்புவதில்லை. ஆனாலும் வேலைக்கு வைத்திருக்கிறான்.

"கதவைப் பூட்டுங்க," என்றாள் வென்லா. உள்ளே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பூட்டினேன். அவள் லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். திரையின் மேற்பகுதியில் ஒரே ஒரு வரி, புதிதாக வந்தது என்ற தலைப்புக்குக் கீழே: *வியாழன் 17.00, மூன்றாம் மாடி, வென்லா.*

இன்று வியாழக்கிழமை. கட்டிடத்தின் பொது நீராவிக் குளியலறையான சௌனாவில் வியாழன் ஐந்து மணி இவளுடைய நேரம். நிலவறையில், தனியாக, உடம்பில் ஒரு துண்டுகூட இல்லாமல் இருக்கும் ஒரு மணி நேரம். சௌனா கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஜன்னலைச் சாத்தினேன்.

டார்மோ ஒரு கறுப்பு உப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னான். அவள் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் அவள் மூன்று வார்த்தைக்கு ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்பு லஹ்தியில் இருந்த கணவனை விட்டு ஓடி வந்தவள். அவன் பெயர் யார்க்கோ. அடி, உதை, கழுத்தில் கை. எல்லாம் உண்டு. அவன் இவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட் தடை இருக்கிறது; ஒருமுறை அதை மீறி இவள் அக்கா வீட்டு வாசலில் நின்று சிறைக்கும் போய் வந்தவன். அரசுப் பதிவேட்டில் இவள் முகவரியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கதவில் இருப்பது இவள் அம்மாவின் குடும்பப் பெயர். ஊர் இரண்டு முறை மாறியாயிற்று. பழைய வாழ்க்கையில் இருந்ததையெல்லாம் விட்டாள். ஒன்றை மட்டும் விடவில்லை: வெதுரி.

வெதுரி ஒரு புரோகிராம். இலவசமாக, மூல நிரலோடு, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி உலகத்துக்குக் கொடுக்கப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒரு குணம். எல்லாமே செய்யும், ஆனால் செய்ய வைப்பதற்குள் உயிர் போய்விடும். வென்லா விளையாடும் ரயில் விளையாட்டுக்கு நானூறு செட்டிங். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கையால் எழுத வேண்டும். ஒரு கமா தவறினால் விளையாட்டு திறக்காது, ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது. அதற்காக இவள் எழுதியதுதான் வெதுரி. செட்டிங்குகளை டிக் போடும் கட்டங்களாகக் காட்டும். நமக்குப் பிடித்தபடி அமைத்து ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். பிறகு பெரிய பச்சைப் பட்டன், ஒரே அழுத்து, புரோகிராம் ஓடும். ரயில் விளையாட்டுக்கு என்று ஆரம்பித்தது, பிறகு எந்தத் திறந்த மென்பொருளையும் அமைத்து ஓட்டும்படி வளர்ந்துவிட்டது. நாம் சேமித்த அமைப்பை மற்றவர்களோடு பகிரலாம். பகிர்ந்ததில் கடைசியாக வந்தது எல்லோருடைய முதல் பக்கத்திலும் தெரியும்.

"அதாவது உலகத்துல வெதுரி வச்சிருக்கிற அத்தனை பேரும் இந்த வரியைப் பாக்குறாங்க," என்றான் டார்மோ.

"ஆமா. ஆனா என் பேர் அங்க யாருக்கும் தெரியாது. நான் அங்க வேற பேர்ல இருக்கேன். சதுப்புல முளைக்கிற ஒரு செடியோட பேரு."

"யார்க்கோவுக்கு?"

"தெரியும்." வெதுரியின் முதல் வடிவத்தை எழுதியது அவன் வீட்டுச் சமையலறை மேஜையில்.

டார்மோ அந்த வரியைத் திறக்கலாமா என்று கேட்டான். முழுவதையும் இறக்க வேண்டாம் என்று கெஞ்சினாள் அவள், உள்ளே என்ன வைத்திருக்கிறானோ. மேலோட்டமாகப் பார்க்க ஒரு வழி இருந்தது. அனுப்பியவர் எந்தெந்த செட்டிங்கை மாற்றினாரோ அதை மட்டும் காட்டும். வெதுரி அப்படித்தான் எழுதுமாம்: வழக்கமாக உள்ளதை எழுதாது, வித்தியாசத்தை மட்டும் எழுதும்.

"நல்ல பழக்கம்," என்றேன் நான். "நானும் அப்படித்தான். ஒழுங்கா இருக்கிறவங்களப் பத்தி நான் பேசவே மாட்டேன்."

டார்மோ சிரிக்கவில்லை. திரையில் நான்கு வரிகள். அகலம் 1080, உயரம் 1920. ஒலி இல்லை. மவுஸ் இல்லை. பதினேழு மணிக்குத் தானாகத் தொடங்கு.

"அகலத்தைவிட உயரம் ஜாஸ்தி," என்றான் டார்மோ. "திரையை நட்டமா நிறுத்தி வச்சிருக்கான். உக்காந்து பாக்குற திரை இல்ல இது. சத்தம் வேண்டாம், மவுஸ் வேண்டாம். யாரும் தொடாத திரை. நின்னு பாக்குற திரை."

நான் பயத்தை மறைக்க, அவன் படுத்துக்கொண்டே பார்ப்பானாக இருக்கும் என்றேன். வென்லாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் வேலையே அதுதான்," என்றாள். "கடைகள்ல, ஆஸ்பத்திரிகள்ல, நட்டமா நிக்குமே விளம்பரத் திரை. அதை மாட்டுறவன் அவன்."

வெளியே மணி பன்னிரண்டேகால். அதற்குள்ளேயே வெளிச்சம் அழுக்குத் துணி நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று மணி நேரத்தில் முழு இருட்டு. டார்மோ எழுந்து போய்க் கதவுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் பொய்யர்களோடு பழகியவன், அவன் பூட்டை இழுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. போலீஸுக்குப் போன் செய்தான். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் வந்த ஒரு வரியை வைத்து ரோந்து வண்டி அனுப்ப முடியாது என்றும், ஆள் கண்ணில் பட்டால் உடனே கூப்பிடும்படியும் சொன்னாளாம்.

அவன் பேசிக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அந்த வரிக்குக் கீழே *மேலும்* என்று ஒரு பட்டன். மேலும் என்று எங்கே எழுதியிருந்தாலும் அழுத்திவிடுவது என் சுபாவம்.

பட்டியல் நீண்டது. *வியாழன் 19.00, நான்காம் மாடி, ரைனோ.* அதற்குக் கீழே *செவ்வாய் 20.00, இரண்டாம் மாடி, கெட்டுனென் குடும்பம்.* அதற்கும் கீழே *செவ்வாய் 18.00, முதல் மாடி, ஸேயா.*

"டார்மோ," என்றேன். "போனை வை. என்னையும் ஒருத்தன் தேடுறான்."

அவன் வந்து பார்த்தான். வென்லாவும் எட்டிப் பார்த்தாள். மொத்தம் பதினொரு வரிகள், கட்டிடத்தின் பதினொரு வீடுகள். முதல் வரியைப் பார்த்ததுமே பயந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அடுத்த வரியைப் பார்க்கவே இல்லை.

"என்னைக் குளிக்கிறப்ப பாக்கணும்னு ஆசைப்படுறவன் இந்த ஊர்ல கிடையாது," என்றேன். "இருந்தா பத்து வருஷத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கும். இது சௌனா லிஸ்ட்."

நான் சொல்லி முடிப்பதற்குள் டார்மோ கோட்டை மாட்டிக்கொண்டான். போவதற்கு முப்பதடி தூரம்தான். கட்டிடத்தின் நுழைவு வாசலில், முன்பு பெயர்ப்பலகை இருந்த இடத்தில், போன வாரம் முதல் ஒரு திரை தொங்குகிறது. நட்டமாக, சத்தமில்லாமல், மவுஸ் இல்லாமல். இத்தனை நாளும் அதன் முன்னால் நின்று என் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்தவள் நான். எனக்கு உறைக்கவில்லை. அதை டார்மோ இப்போது சொல்லிக்காட்டவும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவனை மன்னிக்கலாம்.

திரைக்குச் சொந்தக்காரர் ஓர்வோ. எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படிக்கட்டுக்குக் கீழே நிலவறையில், சௌனாவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள சங்க அறையில்தான் பகல் முழுவதும் இருப்பார். மனைவி அப்படி விரும்புகிறாள் என்று கேள்வி. நாங்கள் மூவரும் உள்ளே நுழைந்தபோது ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். வென்லாவின் காலைப் பார்த்துவிட்டு, நிலவறையில் ஷூ போட்டு வர அனுமதி உண்டு என்றார்.

டார்மோ திரையைப் பற்றிக் கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார். பெயர்ப்பலகைத் திரைக்கு ஒரு கம்பெனிக்காரன் சொன்ன விலையைக் கேட்டு ஒரு வாரம் தூக்கம் வரவில்லையாம். அப்புறம் இலவசமாக எல்லாம் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டாராம். பழைய கம்ப்யூட்டர், இலவச அறிவிப்புப் பலகை மென்பொருள், அதைத் தினம் அந்தந்த நேரத்துக்கு ஓட்ட இன்னொரு அருமையான இலவசப் புரோகிராம். ஒவ்வொரு சௌனா நேரத்துக்கும் ஓர் அமைப்பு. நேரம் வந்தால் திரையில் அந்த வீட்டுக்காரர் பெயர் பெரிதாக வரும். குடிவந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக நேற்றுச் சாயங்காலம் சேமித்தாராம்.

"அந்தப் புரோகிராம் எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா," என்றார். "யாரோ ரொம்ப யோசிச்சுப் பண்ணிருக்காங்க. பேரு வெதுரி. எதையும் மாத்த வேண்டியதே இல்ல, எல்லா டிக்கும் அவங்களே போட்டு வச்சிருக்காங்க."

வென்லா அவர் கம்ப்யூட்டர் அருகே போய்க் குனிந்தாள். சேமிக்கும் ஜன்னலில் கடைசி வரியைச் சுட்டினாள். *இந்த அமைப்பை எல்லோருடனும் பகிர்.* அதில் ஒரு டிக்.

"இது நான் வச்ச டிக்," என்றாள். "முதல்ல யாருமே பகிரல. பட்டியல் காலியா இருந்துச்சு, பாக்கவே சோகமா இருந்துச்சு. அதனால நானே எல்லாருக்கும் டிக் போட்டு வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது, மூக்கும் ஒழுகியது. ஓர்வோவுக்கு விஷயம் புரிந்தபோது கையிலிருந்த காபி தளும்பியது. புரோகிராமை எழுதிய ஆளே எதிரில் நிற்கிறாள், அதுவும் மூன்றாம் மாடிக்காரி. மரியாதை செய்வதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டு கோப்பை எடுத்து மூன்று பேருக்கு ஊற்றினார். நான் இஞ்சி பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து நிமிஷம் அந்த நிலவறை கிறிஸ்துமஸ் மாதிரி இருந்தது.

வென்லா அங்கேயே உட்கார்ந்து பதினொரு வரிகளையும் உலகத்தின் கண்ணிலிருந்து அழிக்கத் தயாரானாள். முதலில் மற்றவர்களுடையது, கடைசியில் தன்னுடையது.

"அந்த எண் என்ன?" என்றான் டார்மோ.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சின்னதாக ஓர் எண். என்னுடையதற்கு நேரே பூஜ்யம். கெட்டுனென் குடும்பத்துக்கும் பூஜ்யம். எல்லோருக்கும் பூஜ்யம். வென்லாவுடையதற்கு மட்டும் ஒன்று.

எத்தனை பேர் முழுவதையும் இறக்கிக்கொண்டார்கள் என்பதன் கணக்கு அது. அவள் இறக்கவில்லை. நாங்கள் யாரும் இறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று டார்மோ ஓர்வோவைக் கேட்டான். ஓர்வோ மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தார். வீட்டுக்காரரின் பெயர், வீட்டு எண், திரையில் வரும் அறிவிப்புத் தாளின் தலையில் கட்டிடத்தின் முகவரி. சங்கத்தின் தாள் என்றால் முகவரி இல்லாமல் எப்படி.

நான் பிஸ்கட்டை வாயில் வைத்தபடி நின்றேன். கடிக்கத் தோன்றவில்லை.

இறக்கியது யார் என்று பார்க்க முடியாதா என்றான் டார்மோ. முடியாது என்றாள் வென்லா. ஆட்களைப் பின்தொடரக் கூடாது என்பது வெதுரியின் கொள்கை. சர்வர் இரண்டே இரண்டு விஷயத்தைத்தான் குறித்துக்கொள்ளும்: என்ன நேரம், வெதுரியின் எந்தப் பதிப்பு. அவள் சர்வரைத் திறந்தாள். காலை 7.40. பதிப்பு 0.3.

"அப்பாடா," என்றாள் வென்லா. "இது தாத்தா."

"யார் தாத்தா?" என்றேன்.

"0.3 ரொம்பப் பழசு. உலகத்துல ஒரே ஒருத்தர்தான் இன்னும் அதை வச்சிருக்காரு. தினமும் திறப்பாரு. யாரோ வயசானவர், பழைய கம்ப்யூட்டர், புதுசு வாங்க வசதி இல்லன்னு நானே நினைச்சுக்கிட்டேன். ஒவ்வொரு புது வெர்ஷன் விடும்போதும் அவருக்கு மட்டும் கெட்டுப்போகாம இருக்கான்னு பாத்துத்தான் விடுவேன். ஒருத்தருக்காக ரெண்டு நாள் வேலை. டீம்ல எல்லாரும் திட்டுவாங்க."

டார்மோ வாயிலிருந்த மிட்டாயைத் துப்பிவிட்டு, தாத்தா என்றைக்காவது திறக்காமல் இருந்திருக்கிறாரா என்று கேட்டான். அவள் தேடினாள். வேலை நாட்களில் தவறாமல் 7.40. நான்கு வருடமாக. ஜூலையில் மட்டும் ஒழுங்கில்லாமல், விடுமுறைக்காரன் போல. பிறகு இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இடைவெளி. பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு நாள், ஒரு நாள்கூட இல்லை.

அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"அவனுக்குத் தண்டனை எத்தனை நாள் கொடுத்தாங்க?" என்றான் டார்மோ. குரலை மிகவும் தாழ்த்தியிருந்தான். "முதல் தடவை தடையை மீறி உன் அக்கா வீட்டு வாசல்ல நின்னானே, அப்ப."

"இருபத்தெட்டு."

நான்கு வருடமாகத் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், காபியோடு, அவள் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைத் திறந்து அவளுடைய புரோகிராமில் அவளைத் தேடியிருக்கிறான். கெட்டுப்போகாமல் திறக்கும்படி அவள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறாள்.

லஹ்தியிலிருந்து ஔலுவுக்குக் காரில் ஆறு மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து.

டார்மோ மறுபடி போலீஸைக் கூப்பிட்டான். இந்த முறை அந்தப் பெண் கேள்வி கேட்கவில்லை. வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பதினைந்து நிமிஷம், வெளியே வராதீர்கள் என்றாள். ஓர்வோ விளக்கை அணைத்தார். கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தில் எங்கள் நால்வருக்கும் பிண முகம்.

நிலவறைப் படியின் மேல் கதவு சரியாக மூடாது. விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கும். அங்கே கண்ணை வைத்தால் வாசல் முழுவதும் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நான் நான்கு கால்களில் படியேறிப் போய் வைத்தேன்.

ஒன்று நாற்பத்து மூன்றுக்கு விளம்பரத் தாள் போடும் பெண்மணி வெளியே போனாள். அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நன்றி சொன்னான். நல்ல குரல். நீலக் கோட்டு, சீவிய தலை, கையில் கேக் பெட்டி. பார்த்தால் நானே வீட்டுக்குள் விட்டிருப்பேன். அவள் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வரை பார்த்துவிட்டு, கேக் பெட்டியைத் தரையில் வைத்தான். அவன் கை காலியாக வேண்டியிருந்தது.

நான் திரும்பி, வந்துவிட்டான் என்று வாயை மட்டும் அசைத்தேன். டார்மோ அசையவேண்டாம் என்று கை காட்டினான். மூன்றாம் மாடிக்குப் போவான். வீட்டில் யாரும் இல்லை என்று தெரியும். பிறகு கீழே வருவான், சௌனாவுக்கு. அதாவது எங்கள் எதிர்க்கதவுக்கு. அல்லது சத்தமில்லாமல் போய்விட்டு இன்னொரு நாள் வருவான், போலீஸ் இல்லாத ஒரு நாள்.

வென்லா கீபோர்டை இழுத்தாள். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். டார்மோ அவள் தோளைத் தொட்டு வேண்டாம் என்றான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு புது அமைப்பு, ஒரு வரி. பச்சைப் பட்டன்.

வாசல் திரை கண்ணிமைத்தது. படியில் கால் வைத்தவன் திரும்பினான். நான் இடைவெளியில் பார்த்தேன். பெரிய எழுத்தில்: *வென்லா: வீடு மாற்றம். புதிய வீட்டு எண் ஏற்றப்படுகிறது.* கீழே ஒரு நீலப் பட்டை, இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டு. பத்து சதவீதம். இருபது.

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

நாற்பது. பட்டை நன்றாகத்தான் போனது. எழுபது வந்ததும் மெதுவானது. யார்க்கோ கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம். நான் மூச்சு விட்டால் அவனுக்கும் கேட்கும் என்று, விடவில்லை. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

அங்கே நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் படியைப் பார்த்தான். ஆனால் மறுபடி திரையைப் பார்த்தான். இன்னும் ஒரே ஒரு சதவீதம். விரலால் திரையைத் தட்டினான். திரை மாட்டுகிறவன், பழக்கம் போகாதே. மூன்று நிமிஷம். ஐந்து. ஒருமுறை இரண்டு படி ஏறிவிட்டு, எங்கே தான் போனதும் எண் வந்துவிடுமோ என்று இறங்கி வந்தான். என் முழங்கால் மரத்துவிட்டது. கீழே வென்லா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், விரல் மட்டும் பட்டனின் மேலே.

எட்டாவது நிமிஷம் நீல வெளிச்சம் கண்ணாடிக் கதவில் சுழன்றது. உள்ளே வந்த இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அவன் முதலில் திரையைத்தான் பார்த்தான். பிறகு யாரையோ பார்க்க வந்ததாகச் சொல்ல ஆரம்பித்தான். கோட்டுப் பையைக் காட்டச் சொன்னார்கள். அதில் என்ன இருந்தது என்று நான் பார்த்தேன். வென்லாவிடம் சொல்லவில்லை. டார்மோவிடம் மட்டும் பிறகு சொன்னேன். அவன் அன்று முழுவதும் காபியைத் தொடவில்லை.

வண்டி போன பிறகு வென்லா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் அவளோடு தரையில் உட்கார்ந்தோம், எழுபத்தொரு வயது ஓர்வோ உட்பட.

"அவ்வளவு நேரம் நிப்பான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தொண்ணூத்தொம்பதுல நின்னா மனுஷன் போக மாட்டான், ஸேயா. ஐம்பதுல நின்னா போயிடுவான். இந்த வேலைல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வெளில சொல்ல மாட்டோம்."

மீண்டும் வருவானா என்று அவள் டார்மோவிடம் கேட்டாள். இந்த முறை இருபத்தெட்டு நாளைவிட அதிகம் கிடைக்கும், ஆனால் ஒருநாள் வெளியே வருவான், இப்போது இந்த முகவரி அவனுக்குத் தெரியும் என்றான் டார்மோ. அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இன்ஷூரன்ஸில் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. முதல் வேலையாக 0.3 பதிப்பைச் சர்வரிலிருந்து வெட்டிவிடு, அவன் திறந்தால் எதுவுமே வரக் கூடாது என்றான். ஓர்வோவும் தலையை ஆட்டினார்.

வென்லா அந்தத் தேதிகளின் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே 7.40.

"வெட்ட மாட்டேன்," என்றாள். "அவன் தேடுறானா இல்லையான்னு தெரியாமத்தான் நாலு வருஷம் பயந்தேன். இனிமே தெரிஞ்சு பயந்துக்கறேன். அவன் திறக்கட்டும். பதிலுக்கு வெறும் பக்கம் போகும். ஆனா அவன் வெளில வந்த அன்னைக்கு, அவன் வக்கீலுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை ஏழரைக்கு என் கதவைத் தட்டினாள், லேப்டாப்போடு, ஷூ போட்டுக்கொண்டு. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் லாக்கப்பில் இருக்கிறான் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் ஏழு நாற்பதுக்கு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள் என்றும் சொல்லலாம். நாற்பத்தொன்று ஆனது. நாற்பத்தைந்து ஆனது. எட்டு ஆனது. புது வரி எதுவும் வரவில்லை.

நான் எழுந்து காபி ஊற்றினேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ராத்திரி பயணப் பெட்டியைக் கட்டிலில் எடுத்து வைத்ததாகவும் அதைத் திறந்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

"அப்புறம்?"

"திரும்பப் பரண்ல போட்டுட்டேன்."

வழக்கமாக இப்படிப்பட்ட விஷயத்தைக் கேட்டால் அரை மணிக்குள் கட்டிடம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்துவிடும். அன்று நான் எங்கும் போகவில்லை.